கோயிலுக்கு டேட் போன கெட்டலிஸ் வேண்டாம்



தைப்பூசத்துக்குக் காவடி, ரதம் பைபர் வேலை ஆரம்பிக்கப் போறோம். பேக்டரியில மிஞ்சின ரெசின், கெட்டலிஸ் எல்லாம் வழக்கம்போல உபயமா வரும். நல்ல மனசுதான். ஆனா எல்லாத்தையும் வாங்கி வைக்கக்கூடாது என்பது என் கருத்து.

ரெசின் குளிர்ச்சியான இடத்துலயே சில மாதம்தான் தாங்கும். நம்ம தெப்ராவ் வெயில்ல, தகரக் கூரை ஸ்டோர்ல இன்னும் சீக்கிரம் கெட்டுப்போகும். கட்டி தட்டியிருந்தா வேண்டாம். இளக்கமா இருந்தா 100 கிராம் ரெசினுக்கு 2 கிராம் புது கெட்டலிஸ் போட்டுச் சோதிச்சுப் பாருங்க. இறுகலைன்னு மேலும் மேலும் கெட்டலிஸ் ஊத்தாதீங்க. பைபர் பலம் இல்லாமப் போகும். அதைத்தான் நாளைக்கு ஒரு பக்தர் தோள்ல சுமக்கப் போறார்.

கெட்டலிஸ் அப்படி இல்லை. சூடு பட்டா தானே சிதைஞ்சு தீப்பிடிக்கும். கண்ணுல தெறிச்சா பார்வையே போகலாம். அதைக் கற்பூரமும் எண்ணெய் டின்னும் இருக்கிற ஸ்டோர்ல வைக்கலாமா?

இன்னொன்று. இந்தக் கழிவை லைசென்ஸ் உள்ளவங்கதான் எடுக்கணும், பேக்டரி அதுக்குக் காசு கட்டணும். கோயிலுக்குக் கொடுத்துட்டா அந்தச் சுமை நம்ம தலையில. லோங்காங்ல ஊத்தவும் முடியாது. 2019 மார்ச்சில் பாசிர் கூடாங் சுங்கை கிம் கிம்மில் ரசாயனக் கழிவைக் கொட்டினதால 111 பள்ளிக்கூடங்களை மூடினாங்க, மறந்துடாதீங்க.

டேட் போன கெட்டலிஸை யார் கொடுத்தாலும் கும்பிட்டுத் திருப்பி அனுப்புங்க. புது போத்தல் ஒன்று வாங்கிக் கொடுங்க, அதுதான் உபயம்.

ஓம் சரவணபவ 🙏