புல்தரையின் மாதக் கணக்கு

சென்னையின் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் தனி வீடு கட்டுகிறவர்களில் பலருக்கு வாசலில் ஒரு லான் வேண்டும். கான்ட்ராக்டரிடம் அவர்கள் கேட்பது சதுர அடிக்கு எவ்வளவு என்றுதான். அவரும் ஒரு ரேட் சொல்கிறார். பாய் போலச் சுருட்டிய புல் வண்டியில் வந்து இறங்குகிறது. ஒரே நாளில் வாசல் பச்சையாகிவிடுகிறது. அந்தப் பணம் ஒருமுறைச் செலவு. புல்லை உயிரோடு வைத்திருக்க மாதாமாதம் ஆவதைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. அந்த மாதச் செலவை யாருடைய வயிற்றிலும் அடிக்காமல் எவ்வளவு கொடுக்க முடியுமோ, அந்த அளவுக்கு மட்டுமே புல்தரை போட வேண்டும் என்பது என் கட்சி.

ஆயிரம் சதுர அடி என்று வைத்துக்கொள்வோம். புல் வெட்டுவது இதில் சுலபமான வேலை. ஆளைத் தின்பது கோரைதான். இழுத்தால் தாள் மட்டும் கையோடு வரும். மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு சில நாளில் மறுபடி முளைவிடும். களைக்கொத்தால் ஒவ்வொன்றாகக் குத்தி, கிழங்கோடு எடுக்க வேண்டும். அதுவும் வெயிலில் குந்தி உட்கார்ந்து. இதற்கு வாரம் ஒரு நாளாவது ஆள் வேண்டும். நாள் கூலி 800 ரூபாய் என்றால்கூட மாதம் 3,200 ரூபாய் கூலிக்கு மட்டும் போகும். உரம், செம்மண், இயந்திரத்தின் தேய்மானம், கான்ட்ராக்டரின் லாபம் எல்லாம் அதற்கு மேல். 1,500 ரூபாயில் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறோம் என்று ஒருவர் சொன்னால், ஒன்று தோட்டக்காரரின் கூலியில் கைவைக்கிறார், இல்லை பேருக்கு வந்துவிட்டுப் போகிறார். மலிவு என்று மகிழ இதில் ஒன்றுமில்லை.

தண்ணீர்க் கணக்கு இன்னும் கடுமை. கோடையில் ஒரு சதுர மீட்டர் புல்லுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 லிட்டர் வேண்டும். ஆயிரம் சதுர அடி என்பது 93 சதுர மீட்டர். ஆக நாளுக்கு 465 லிட்டர், மாதத்துக்குச் சுமார் 14,000 லிட்டர். நகரவாசி ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது மத்திய அரசின் அளவுகோல். மூன்று பேருக்கு மேல் பங்கிட வேண்டியதை வாசல் குடித்துவிடுகிறது. 2019 கோடையில் குடிநீர் தரும் நான்கு ஏரிகளும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்த ஊர் இது. அமெரிக்காவின் லாஸ் வேகஸில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துதான், புல்லைப் பெயர்த்தெடுக்கும் வீட்டுக்காரர்களுக்குச் சதுர அடிக்கு இவ்வளவு என்று குடிநீர் வாரியமே பணம் கொடுக்கிறது. அலுவலக வளாகங்களிலும் சாலை நடுவிலும் அழகுக்காக மட்டும் இருக்கும் புல்லுக்கு 2027 முதல் கொலராடோ ஆற்று நீரை விடக் கூடாது என்று நெவாடா மாநிலம் 2021-இல் சட்டமே இயற்றியது.

என் போர், என் தண்ணீர், உனக்கென்ன என்று கேட்கலாம். போர் உங்களுடையதுதான், அடியில் இருக்கும் நீர் தெருவுக்கே பொது. கடலோரத்தில் அளவுக்கு மீறி உறிஞ்சினால் உப்புநீர் உள்ளே வரும். அப்புறம் புல்லும் கருகும், பக்கத்து வீட்டுக் குழாயும் கெடும். 1987-இலேயே சென்னைக்கென்று நிலத்தடி நீர்ச் சட்டம் வந்தது இதற்காகத்தான். புல்லிருந்தால் வீடு குளிர்ச்சி என்பதும் ஓரளவு உண்மையே. ஆனால் வேர் பிடித்துவிட்ட ஒரு வேம்போ புங்கையோ தரும் நிழலுக்குத் தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. சுத்திகரித்த கழிவுநீர் தாராளமாகக் கிடைக்கும் அடுக்ககங்களின் நிலைமை வேறு. அங்கே தண்ணீரைப் பற்றிய என் ஆட்சேபம் பாதி குறைந்துவிடும், கூலிக் கணக்கு அப்படியே நிற்கும். லானைக் குறைத்தால் தோட்டக்காரர் பிழைப்பு என்னாவது என்பார்கள். மரம், செடி, காய்கறிப் பாத்திக்கும் ஆள் வேண்டும்தானே. கூலியை ஒழுங்காகக் கொடுத்தால் போதும்.

குழந்தை உட்கார்ந்து விளையாட 200 சதுர அடி தாராளம். எஸ்டிமேட் கொண்டுவரும் கான்ட்ராக்டரிடம் தோட்டக்காரர் மாதம் எத்தனை நாள் வருவார், அவர் கைக்கு எவ்வளவு போகும், மே மாதத்தில் நாளுக்கு எத்தனை லிட்டர் விட வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். எழுதித் தரத் தயங்குகிறவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.