புதுவெள்ளத்தில் ஏறும் மீன்



இடவப்பாதி மழை பிடித்துக்கொண்டது. சென்ற வாரம் வீட்டுச் சந்திப்பு ஒன்றை முடித்துக்கொண்டு குளத்தங்கரை வழியே திரும்பினேன். நாவல் மரத்தடியில் நம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள், நாவெல்லாம் ஊதா. எனக்கும் ஒரு கை நிறையத் தந்தார்கள். சற்றுத் தள்ளி, குளத்தில் வந்து விழும் ஓடையின் வாயில் நம் வாலிபர் நால்வர் குறுக்கே கொசுவலை கட்டி, புதுவெள்ளத்தை எதிர்த்து ஏறும் மீன்களை வாளியில் அள்ளிக்கொண்டிருந்தார்கள். கெளுத்தி, கெண்டை, விரால். பெரும்பாலானவற்றின் வயிறு சினையால் புடைத்திருந்தது. அவர்களும் அன்போடு ஒரு பங்கு தர முன்வந்தார்கள். பழத்தை வாங்கிய கை மீனை வாங்கவில்லை. காரணத்தை அவ்விடத்தில் எனக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை, ஆகவே எழுதுகிறேன்.

பழம் உண்ணப்படுவதற்கென்றே பழுக்கிறது. பிள்ளைகள் கொட்டையைத் துப்பும் இடத்தில் மற்றொரு நாவல் முளைக்கலாம், மரத்துக்கு இழப்பில்லை. அயலானின் திராட்சைத் தோட்டத்தில் வயிறார உண்ணலாம், பாத்திரத்தில் கொண்டுபோகலாகாது என்கிறது உபாகமம் 23:24. சினைமீன் அப்படியல்ல. அதே நூலின் 22-ஆம் அதிகாரம் 6, 7 வசனங்களைத் திறந்து பாருங்கள். வழியில் பறவைக்கூட்டைக் கண்டால் குஞ்சுகளை எடுத்துக்கொள்ளலாம், தாயைப் பிடிக்கலாகாது. இந்தச் சிறு கட்டளைக்கு மோசே இணைத்திருக்கும் வாக்குறுதி நன்மையும் நீண்ட ஆயுளும். தாய் தந்தையைக் கனம்பண்ணுவோருக்கு உபாகமம் 5:16-இல் உள்ள வாக்குறுதியும் இதுவே. இறையியல் கல்லூரியில் இதைப் படித்தபோது வியந்தேன், குளத்தங்கரையில்தான் விளங்கிற்று.

சால்மன் என்னும் மீன் கடலிலிருந்து தான் பிறந்த ஆற்றுக்கே திரும்பும் காட்சியைப் பலர் காணொளியில் கண்டிருப்பீர்கள். பசிபிக் கடலின் சால்மன் முட்டையிட்டதும் இறந்துபோகிறது. நம் குளத்து மீன்களோ உயிரோடு திரும்பி மறுமழையிலும் சினைகொள்ளக் கூடியவை. விரால் சிவந்த பார்ப்புக் கூட்டத்தை விட்டு அகலாமல் காவல் காக்கும். அந்தப் பாசத்தைத் தூண்டிலாக்கி அதைப் பிடிக்கிறவர்களும் உண்டு. எனக்கு அது கூட்டின்மேல் அமர்ந்த பறவையாகவே தோன்றுகிறது.

"ஐயரே, எங்கள் அப்பனும் பாட்டனும் பிடித்தார்கள்" என்றான் ஒருவன். மெய்தான், என் தகப்பனாரும் பிடித்தார். அந்தக் குழம்பின் ருசி இன்றும் நாவில் நிற்கிறது. ஆனால் அவர் வைத்தது ஒரு மூங்கில் கூடை. அதற்குத் தப்பியவை வயலேறிப் பெருகின. கொசுவலைக்கோ முட்டைகூடத் தப்பாது. கேரளத்தில் இப்படி ஏறிவரும் மீனைப் பிடிப்பது 2010-ஆம் ஆண்டின் உள்நாட்டு மீன்வளச் சட்டப்படி குற்றம். நம் கடலோரச் சகோதரர்களோ வருமானம் இழந்தும் படகைக் கட்டிப்போடுகிறார்கள்: சின்னமுட்டத்து விசைப்படகுகள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், குளச்சல் விசைப்படகுகள் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும், 61 நாட்கள். வாரச் சம்பளம் உள்ள நமக்குச் சில நாள் மழைமீனை விடுவது அத்தனை கடினமா?

வாலிபரை மட்டும் கடிந்துகொள்ள எனக்கு வாயில்லை. வலைக்குத் தப்பும் மீனுக்கும் ஏற வயல் வேண்டுமே. ஆலயத்தின் வாகன நிறுத்துமிடம் அத்தகைய வயலாக இருந்ததுதான். அதை மண்ணிட்டு நிரப்ப ஒப்பமிட்டவர்களில் நானும் ஒருவன். அப்போது கிழக்கு மதிலோரம் ஓடையும் அடைபட்டது. அதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. நிரப்பிய வயலை மீட்க வழி காணேன். ஓடையைத் திறக்கலாம். சபைக் கமிட்டியார் இசைந்துவிட்டார்கள். வலை கட்டிய நால்வரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். சனிக்கிழமை காலை 7 மணிக்கு, மண்வெட்டி உள்ளவர்கள் எடுத்து வாருங்கள்.