கடலைக்காய் எடுக்க மூணு வருஷப் படிப்பு!

எங்க அந்தியூர்ல கடலைக்காய்க்குப் பஞ்சமே இல்ல. ஆடி மாசம் குருநாதசாமி கோயில் திருவிழாவுக்குக் குதிரை பார்க்கப் போனாலும் கையில ஒரு பொட்டலம் வறுகடலை இருக்கும். போன வருஷம் எங்க வீதியில ஒன்றரை வயசு வாண்டு ஒருத்தன் அதுல ஒரு பருப்பை வாயில போட்டான். பயங்கர இருமல். கண்ணெல்லாம் கலங்கி, அப்புறம் கம்முனு விளையாடப் போயிட்டான். 'முழுங்கிட்டான்'னு எல்லாரும் விட்டுட்டாங்க.

மூணு நாள் கழிச்சு அவனோட அம்மிச்சிதான் கண்டுபிடிச்சாங்க. ''ஏஞ்சாமி, இவன் நெஞ்சுக்குள்ள சீட்டி அடிக்கிற மாதிரி கேக்குதே?''

எக்ஸ்-ரேயில காசு விழுந்திருந்தா பளிச்சுனு தெரியும். கடலை தெரியாது. ஆனா, அது சும்மாவும் இருக்காது. அதுல இருக்கிற எண்ணெய் மூச்சுக்குழாயைப் புண்ணாக்கி வீங்க வெச்சிடும். கோயம்புத்தூருக்குத் தூக்கிட்டு ஓடினாங்க. ராத்திரியில மயக்க மருந்து கொடுத்து, வாய் வழியா ஒரு உலோகக் குழாயை விட்டு எடுத்தாங்க. பாதிப் பருப்பு! எடுத்தது புரொபசர் இல்லீங்க... எம்.எஸ். இ.என்.டி. கடைசி வருஷம் படிக்கிற ஒரு அக்கா. புரொபசர் பக்கத்துல நின்னு பார்த்துக்கிட்டு இருந்தாராம்.

இதை எங்கேதான் கத்துக்கறாங்க? அதைத் தெரிஞ்சுக்காம எனக்குத் தூக்கமே வரல பாஸ்!

1897-ல ஜெர்மனியில குஸ்டாவ் கில்லியன்ங்கிற டாக்டர், ஒரு விவசாயியோட மூச்சுக்குழாய்ல சிக்கின எலும்புத் துண்டை முதல் முதலா இப்படிக் குழாய் விட்டு எடுத்தார். அடுத்து அமெரிக்காவுல செவாலியர் ஜாக்சன். ஊக்கு, பட்டன், காசுனு அவர் எடுத்த 2,374 பொருளும் பிலடெல்பியா மியூசியத்துல டிராயர் டிராயரா இருக்கு. குழந்தை மேல கை வைக்கிறதுக்கு முன்னாடி, பொம்மையில பழகச் சொன்ன ஆளு அவர்.

நம்ம ஊர்லயும் அதே கதைதான். எம்.பி.பி.எஸ். முடிச்சு, நீட் பி.ஜி. எழுதி, 3 வருஷம் எம்.எஸ். ஆபரேஷன் தியேட்டர்ல முதல்ல வேடிக்கை மட்டும். அப்புறம் உதவி. அப்புறம் சார் பக்கத்துல நிக்க, தானே செய்யறது. கடைசியாத்தான் தனியா. ஒவ்வொண்ணும் லாக்-புக்ல ஏறும். நம்ம ரெக்கார்டு நோட்டு மாதிரி ஃப்ரெண்டுகிட்ட வாங்கிக் காப்பியடிக்கிற விஷயம் இல்ல!

எனக்கு ரொம்பப் பிடிச்சது எலும்பு லேப். தானமா வந்த உடல்ல இருந்து எடுத்த காது எலும்பை மைக்ராஸ்கோப்புக்கு அடியில வெச்சு, ஒரு கையில டிரில், ஒரு கையில சக்ஷன் வெச்சுக் குடையணும். நம்ம லேத்துல கூலன்ட் ஊத்துற மாதிரி, இங்கே தண்ணி ஓடிக்கிட்டே இருக்கும். சூடானா, பக்கத்துல போற முக நரம்பு போச்சு. அதை அறுத்துட்டா அந்தப் பக்க முகமே கோணிக்கும். காதுக்குள்ள இருக்கிற அங்கவடி எலும்பு மொத்தமே 3 மி.மீ. உயரம்தான். நான் ஃபிட்டிங் லேப்ல 3 மி.மீ. தப்பா அறுத்துட்டு, 'மார்க் போடுங்க சார்'னு கெஞ்சினவன்.

கடலை எடுக்கிறது இதைவிடப் பேஜார். மயக்க மருந்து டாக்டர் காத்து கொடுக்கிறதும், இவங்க கிடுக்கி விடுறதும் ஒரே குழாய் வழியாத்தான். இறுக்கிப் பிடிச்சா கடலை நொறுங்கித் துண்டு துண்டா உள்ளே போயிடும். லேசாப் பிடிச்சா வழுக்கிடும்.

2021-ல சேர்ந்த பேட்ச்ல இருந்து பி.ஜி. மாணவர்கள் 3 மாசம் மாவட்ட மருத்துவமனையில வேலை பார்க்கணும்னு விதி வந்திருக்கு. நல்லதுதான். ஆனா டாக்டர் வந்தா மட்டும் போதுமா? குழந்தை சைஸ் குழாயும், கிடுக்கியும், ராத்திரியில மயக்க மருந்து டாக்டரும் வேணுமே! அதுவரைக்கும் எங்க ஊர்க்காரங்க ராத்திரியில கோயம்புத்தூருக்கு வண்டி பிடிக்க வேண்டியதுதான்.

வாண்டு இப்போ ஜோரா இருக்கான். கடலை கேட்டு இன்னும் அடம்தான். அம்மிச்சி உரல்ல போட்டுப் பொடிச்சுத்தான் கொடுக்கிறாங்க.