செல்போன் இருக்கே, போட்டோகிராபர் எதற்கு?

"தனியா போட்டோகிராபர் எதுக்கு? மாப்பிள்ளையோட தம்பி புதுசா செல்போன் வாங்கியிருக்கான். அதுவே போதும்!"

அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற வீடுகளில் இப்போது அடிக்கடி கேட்கிற பேச்சு இது.

செலவைக் குறைக்க நினைப்பது தப்பு இல்லை. மண்டபத்துக்கு ஒரு தொகை. சாப்பாட்டுக்கு ஒரு தொகை. தங்கம் விற்கிற விலை வேறு. எங்கே இழுத்துப் பிடிக்க முடியுமோ அங்கேதான் பிடிப்பார்கள். முதலில் மாட்டிக்கொள்கிறவர் போட்டோகிராபர்!

கேள்வி இதுதான். செல்போன் கேமரா, தொழில்காரர் தோளில் தொங்குகிற பெரிய கேமராவுக்குச் சமம் ஆகுமா?

ஆகிவிட்டது என்கிறது போன் விளம்பரம். ஆகவே ஆகாது என்கிறார் ஸ்டூடியோக்காரர். இரண்டு பேருக்கும் இதில் வியாபாரம் இருக்கிறது. நமக்கு இல்லை. ஆகவே நிதானமாகப் பார்ப்போம்.

போன் ஜெயித்த கதை

செல்போனுக்குச் சேர வேண்டிய பெருமையை முதலில் கொடுத்துவிடுவோம்.

2000ஆம் ஆண்டு ஜப்பானில் ஷார்ப் கம்பெனி கேமரா வைத்த செல்போன் ஒன்றை விற்பனைக்கு விட்டது. அதில் எடுத்த படத்தில் சுமார் 1 லட்சத்து 10 ஆயிரம் புள்ளிகள்தான். படத்தில் இருப்பது அண்ணனா தம்பியா என்று சொல்வதே கஷ்டம். இன்றைக்கு நடுத்தர விலைப் போனிலேயே 5 கோடி புள்ளி வருகிறது!

விளைவு என்ன? ஜப்பான் கேமரா கம்பெனிகளின் சங்கம் கணக்கு வைத்திருக்கிறது. 2010ஆம் ஆண்டு சுமார் 12 கோடி டிஜிட்டல் கேமராக்கள் விற்பனைக்குப் போயின. 2020ஆம் ஆண்டு அது 90 லட்சத்துக்கும் கீழே விழுந்துவிட்டது. பிக்னிக் போகும்போது கையில் எடுத்துப் போகிற சின்ன கேமராவைச் செல்போன் அப்படியே விழுங்கிவிட்டது.

அந்த டிஜிட்டல் கேமரா மட்டும் என்ன, அதற்கு முன்னால் பிலிமை விழுங்கியதுதானே? ஊட்டியில் மத்திய அரசு 1960இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் கம்பெனியின் 'இந்து' பிலிமை மறந்திருக்க மாட்டீர்கள். அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டுவிட்டது. அமெரிக்காவின் கோடக் கம்பெனி 2012இல் திவால் மனு கொடுத்தது. இதில் வேடிக்கை என்ன தெரியுமா? 1975இல் முதல் டிஜிட்டல் கேமராவைச் செய்தவர் அதே கோடக்கில் வேலை பார்த்த என்ஜினீயர் ஸ்டீவன் சாசன்!

ஆகவே, "எங்க கேமராவை யாரும் அசைக்க முடியாது" என்று ஸ்டூடியோக்காரர் மார்தட்டினால், அதை அப்படியே நம்ப வேண்டாம்.

கடையில் புதுச் சரக்கு வந்தால் படம் எடுத்து வாடிக்கையாளருக்கு அனுப்ப வேண்டும். ரேஷன் கார்டைப் படம் பிடித்து வைக்க வேண்டும். குழந்தை எழுந்து நடந்த முதல் அடியைப் பிடிக்க வேண்டும். இதற்கெல்லாம் செல்போனே போதும். போதும் என்ன, அதுதான் நல்லது! பீரோவில் பூட்டி வைத்த பெரிய கேமராவால் ஒரு படமும் எடுக்க முடியாது. சட்டைப் பையில் இருக்கிற கேமராதான் சமயத்துக்கு உதவும்.

மழையும் பாத்திரமும்

அப்படியானால் பெரிய கேமராவின் கதை முடிந்ததா? இல்லை.

போட்டோ என்பது வெளிச்சத்தைப் பிடிக்கிற வேலை. மழை எல்லா இடத்திலும் ஒன்றாகத்தான் பெய்கிறது. அண்டாவை வைத்தால் அண்டா தண்ணீர். டம்ளரை வைத்தால் டம்ளர் தண்ணீர்.

தொழில்காரர் கேமராவில் வெளிச்சத்தைப் பிடிக்கிற தகடு 36 மில்லிமீட்டர் நீளம், 24 மில்லிமீட்டர் அகலம். பெருக்கினால் 864 சதுர மில்லிமீட்டர். அதிக விலைக்கு விற்கிற செல்போன்களில்கூட அந்தத் தகடு பெரும்பாலும் 70, 80 சதுர மில்லிமீட்டர்தான். மிகப்பெரிய தகடு வைத்த சில போன்களில் 116. அண்டாவுக்கும் டம்ளருக்கும் உள்ள வித்தியாசம் புரிகிறதா?

வெயிலில் இது தெரியாது. அடைமழையில் டம்ளரும் நிரம்பிவிடும் அல்லவா? தூறல் நேரத்தில்தான் வித்தியாசம் தெரியும். அதாவது மங்கல் வெளிச்சத்தில்.

செல்போன் கம்பெனிக்காரர்கள் சாமர்த்தியசாலிகள். "டம்ளர் சின்னதுதானே? பத்துத் தடவை பிடித்து ஒரே குடத்தில் ஊற்றுவோம்" என்று யோசித்தார்கள். நீங்கள் ஒரு தடவை பட்டனைத் தொட்டால், போன் மளமளவென்று பல படங்களை எடுக்கிறது. உள்ளே இருக்கிற கம்ப்யூட்டர் அவற்றை ஒன்றாகச் சேர்த்து ஒரு படமாகக் கொடுக்கிறது. ராத்திரிப் படம் பகல் மாதிரி வருகிற ரகசியம் இதுதான்.

கோபுரத்தை எடுத்தால் அருமையாக வரும். கோபுரம் நகராது. ஆனால் தாலி கட்டுகிற கை நகருமே! அட்சதை பறக்குமே! கல்யாணப் பொண்ணு கண் கலங்கி, உடனே சிரித்துவிடுமே! இருட்டான மண்டபத்தில் ஒன்றிரண்டு செகண்டு வெளிச்சம் சேர்க்கிற வரை யார் காத்திருப்பார்கள்? "இன்னொரு தடவை தாலி கட்டுங்க மாப்பிள்ளை" என்று சொல்ல முடியுமா?

தூரத்தில் இருப்பவர் முகம்

அடுத்தது தூரம்.

கிரிக்கெட் மைதானத்திலும் பொதுக்கூட்டத்திலும் பத்திரிகைப் போட்டோகிராபர் மாட்டுகிற லென்சைப் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய ஒரு சாண் நீளம். முன் கண்ணாடியின் அகலம் 7 சென்டிமீட்டருக்கு மேல். மேடையில் பேசுகிறவரின் நெற்றி வேர்வையைக் கடைசி வரிசையில் இருந்தே பிடித்துவிடும். செல்போனின் தடிமனோ 8 மில்லிமீட்டர் சுமார். அதற்குள் இந்த லென்ஸ் எங்கே நுழையும்?

கண்ணாடியால் வெளிச்சத்தை மடக்கி, போனுக்குள்ளேயே லென்சைப் படுக்கவைத்துப் பார்க்கிறார்கள். நல்ல முயற்சி. ஓரளவு பலனும் உண்டு. அதற்கு மேல் 'ஜூம்' என்று இழுத்தால், இருக்கிற படத்தை வெட்டிப் பெரிதாக்குவதுதான் நடக்கிறது. எதற்கும் ஒரு எல்லை இருக்கிறது!

பத்திரிகை செய்த காரியம்

இதைச் சோதித்துப் பார்த்த பத்திரிகை ஒன்று உண்டு. அமெரிக்காவில் 'சிகாகோ சன் டைம்ஸ்'. 2013 மே மாதம் அங்கே வேலை பார்த்த 28 போட்டோகிராபர்களையும் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "நிருபர்களே ஐபோனில் படம் எடுக்கட்டும்" என்று பயிற்சி கொடுத்தார்கள். அடுத்த ஆண்டே அவர்களில் 4 பேரைத் திரும்ப வேலைக்கு எடுத்தார்கள்!

"சினிமாவே போனில் எடுக்கிறாங்களே சார்?" என்று கேட்பீர்கள். உண்மைதான். 2025இல் வந்த '28 இயர்ஸ் லேட்டர்' என்ற ஆங்கிலப் படத்துக்கு ஐபோனைத்தான் முக்கியமாகப் பயன்படுத்தினார்கள். ஆனால் அந்த ஐபோன் சும்மா இல்லை. தனி லென்ஸ், தாங்கிப் பிடிக்கத் தனிச் சட்டம், விளக்குகள், அனுபவப்பட்ட ஒளிப்பதிவாளர் என்று ஒரு பட்டாளமே பின்னால் நின்றது. போன் படம் எடுக்கவில்லை. போனை வைத்துத் தொழில்காரர் படம் எடுத்தார்!

பூந்தமல்லி கோர்ட்டில் பேசிய படங்கள்

இதுவரை பார்த்தது அழகு. இனிப் பார்க்கப் போவது சாட்சி. இதுதான் முக்கியம்.

1991 மே 21ஆம் தேதி இரவு. ஸ்ரீபெரும்புதூரில் முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார். நாடே அதிர்ந்தது. கொன்றது யார்? முதலில் யாருக்கும் புரியவில்லை.

செத்துக் கிடந்தவர்களில் ஹரிபாபு என்ற போட்டோகிராபரும் ஒருவர். அவருடைய கேமரா உடையாமல் கிடந்தது. உள்ளே பிலிம் பத்திரமாக இருந்தது. கழுவிப் பார்த்தார்கள். 10 படங்கள்! கையில் மாலையோடு நின்ற பெண் அதில் இருந்தாள். வெள்ளைக் குர்தா போட்ட சிவராசனும் இருந்தான். துப்புத் துலங்கியது அந்தப் படங்களில் இருந்துதான்.

வழக்கு நம்முடைய பூந்தமல்லியில்தான் நடந்தது. அங்கே இருந்த தனிக் கோர்ட்டு 1998 ஜனவரி 28ஆம் தேதி தீர்ப்புச் சொன்னது. 26 பேருக்குத் தூக்கு. மறு ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு அதில் 4 பேருடைய தூக்கை மட்டும் உறுதி செய்தது. இந்த வழக்கு நெடுகிலும் அந்த 10 படங்கள் முக்கிய சாட்சியாக நின்றன.

அது விலை உயர்ந்த கேமராவா என்பதா கேள்வி? இல்லை. பிலிமில் என்ன விழுந்ததோ அதுதான் இருந்தது. கேமரா தன் இஷ்டத்துக்கு ஒரு கண்ணையோ மூக்கையோ சேர்க்கவில்லை. அதனால்தான் அந்தப் படம் கோர்ட்டு வரைக்கும் நடந்து போனது.

நிலாவைச் 'சரிசெய்த' போன்

செல்போன் அப்படியா?

2023 மார்ச் மாதம் ஒருவர் ஒரு வேலை செய்தார். நிலாவின் படம் ஒன்றை வேண்டும் என்றே மங்கலாக்கிக் கம்ப்யூட்டர் திரையில் வைத்தார். இருட்டு அறையில் நின்று அதைச் சாம்சங் போனில் படம் எடுத்தார். திரையில் இருந்தது வெறும் மங்கல் வட்டம். போனில் வந்ததோ மேடு பள்ளத்தோடு பளிச்சென்ற நிலா!

பெரிய சர்ச்சை கிளம்பியது. கம்பெனி விளக்கம் கொடுத்தது. "நிலா என்று போன் கண்டுபிடித்தால், செயற்கை அறிவு மூலம் விவரங்களைத் தெளிவாக்குகிறது. வேண்டாம் என்றால் அதை நிறுத்திவைக்கலாம்" என்பது அதன் சாரம்.

நிலாவுக்கு மேக்கப் போட்டால் யாருக்கும் நஷ்டம் இல்லை. ஆனால் விபத்தில் இடித்துவிட்டு ஓடுகிற லாரியின் நம்பரைப் போன் 'சரிசெய்தால்'? மங்கலான 3ஐ 8 என்று தெளிவாக்கினால்?

பெரிய கேமரா எடுத்த படத்தையும் கம்ப்யூட்டரில் மாற்றலாம். மறுக்கவில்லை. ஆனால் அங்கே 'ரா' என்கிற கச்சாப் படம் தனியே கிடைக்கும். திருத்தினால் திருத்தியவர் ஓர் ஆள், கையும் களவுமாகப் பிடிக்கலாம். செல்போனிலோ நாம் கேட்காமலே, எடுக்கிறபோதே திருத்தம் நடந்துவிடுகிறது. விலை கூடிய சில போன்களில் கச்சாப் படமும் எடுக்கலாம். எத்தனை பேர் அதைத் தொட்டுப் பார்த்திருக்கிறோம்?

சட்டமே செல்போனைச் சொல்கிறது

இதை எதற்கு இவ்வளவு தூரம் சொல்கிறோம்? காரணம் இருக்கிறது.

2024 ஜூலை 1ஆம் தேதி முதல் புதிய குற்றவியல் சட்டங்கள் அமலில் இருக்கின்றன. போலீசார் ஒரு வீட்டையோ கடையையோ சோதனை போட்டால் அதை வீடியோ எடுக்க வேண்டும் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105ஆவது பிரிவு. எதில் எடுப்பது? செல்போனில் எடுப்பது விரும்பத்தக்கது என்று அந்தப் பிரிவே சொல்கிறது!

செல்போன் படத்தைக் கோர்ட்டில் சாட்சியாக வைக்கவும் வழி இருக்கிறது. பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63ஆவது பிரிவுப்படி சான்றிதழ் கொடுக்க வேண்டும. அதில் 'ஹாஷ்' என்ற எண்ணைக் குறிக்க வேண்டும். மனுஷனுக்குக் கைரேகை மாதிரி பைலுக்கு அந்த எண். பைலில் ஒரு புள்ளி மாறினாலும் எண் மாறிவிடும்.

கேமரா கம்பெனிகளும் விழித்துக்கொண்டன. எடுக்கும்போதே படத்தின் மேல் முத்திரை குத்துகிற கேமராவை லைக்கா கம்பெனி 2023இல் கொண்டுவந்தது. 2025இல் கூகுள் பிக்சல் போனிலும் அந்த வசதி வந்துவிட்டது. இந்த விஷயத்தில் போன் நிச்சயம் கேமராவை எட்டிப் பிடிக்கும். ஆனால் நம் கையில் இப்போது இருக்கிற போன்களில் பெரும்பாலானவற்றில் அது இல்லை.

நம் தீர்ப்பு

கைக்குள் வைத்துப் பார்க்கிற படத்துக்கு, நல்ல வெளிச்சத்தில், செல்போன் சமம் ஆகிவிட்டது. இதில் வழக்கே இல்லை.

மங்கல் வெளிச்சம், தூரம், வேகம். இந்த மூன்றிலும் சமம் ஆகவில்லை. அண்டாவின் வாயைக் குறுக்கிக்கொண்டு அண்டாத் தண்ணீர் பிடிக்க முடியாது.

ஆகவே கல்யாண வீட்டாரே! ரிசப்ஷனுக்குப் பெரிய ஆல்பம் வேண்டாம் என்றால் விடுங்கள். ட்ரோன் வேண்டாம் என்றால் விடுங்கள். முகூர்த்த நேரத்துக்காவது தொழில் தெரிந்த ஒருவரை அழையுங்கள். கூலியை நாலு பேர் முன்னால் பேரம் பேசி அவரைச் சிறுமைப்படுத்தாதீர்கள். அவர் விற்பது படம் மட்டும் அல்ல. திரும்பி வராத ஒரு நிமிஷத்தைத் தவறவிடாமல் இருப்பதற்கு அவர் பொறுப்பு ஏற்கிறார். மாப்பிள்ளையின் தம்பி அந்தப் பொறுப்பை ஏற்பாரா? அவர் பந்தியில் உட்கார்ந்திருப்பார்!

ஸ்டூடியோக்காரர்களே! போனைத் திட்டிப் பயன் இல்லை. பாஸ்போர்ட் ஆபீசிலேயே இப்போது படம் எடுத்துவிடுகிறார்கள். போனால் முடியாத வேலை எதுவோ அதில் கையைத் தேற்றுங்கள்.

பஸ்சிலும் மின்சார ரெயிலிலும் போகிற பொதுமக்களே! விபத்தோ, தகராறோ, கடையில் திருட்டோ, வெள்ளம் புகுந்த வீடோ எதைப் படம் எடுத்தாலும் எடுத்த படத்தை அழிக்காதீர்கள். அழகுபடுத்தாதீர்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும். எடுத்த தேதி, நேரம் போன்ற விவரங்களும் கழன்றுவிடும். அனுப்ப வேண்டுமானால் 'டாக்குமெண்ட்' என்று வைத்து அனுப்புங்கள். மூலப் படம் உங்கள் போனிலேயே இருக்கட்டும்.

நாளைக்குப் பூந்தமல்லி கோர்ட்டில் உங்கள் படம் கூண்டேற வேண்டி வரலாம். அன்றைக்கு நீதிபதி எத்தனை கோடி புள்ளி என்று கேட்க மாட்டார். இது எடுத்தபடியே இருக்கிறதா என்றுதான் கேட்பார்.