மெயில் சர்வரின் ஆயுள் யார் கையில்?

கரடியூரில் உட்கார்ந்து மெயில் சர்வர் பார்த்துக்கொள்கிறேன் என்றால் ஏற்காட்டுக்காரர்களே சிரிப்பார்கள். சில காப்பி எஸ்டேட்டுகள், தங்கும் விடுதிகள், மலையடிவாரத்தில் ஒரு மிளகு வியாபாரி. இவர்கள் சொந்தப் பெயரில் வைத்திருக்கும் மின்னஞ்சல் முகவரிகளுக்கு நான்தான் காவல். காப்பி சாம்பிளைக் குடித்துப் பார்த்து பெங்களூரு வியாபாரி எழுதும் கடிதம் ஒரு நாள் எங்காவது சிக்கிக்கொண்டால், அதற்குள் விலை வேறாகிவிடும். அந்தக் கோபம் நேராக என் வீட்டு வாசலுக்குத்தான் வரும்.

சொந்தமாக மெயில் சர்வர் வைக்க நினைப்பவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, எந்த இயங்குதளம் போடலாம் என்பது. எது வேகம், எது இலவசம், எதில் பட்டனை அழுத்தினால் போதும் என்றெல்லாம் அடுத்தடுத்துக் கேட்பார்கள். இவை எதுவும் பெரிய விஷயமில்லை. கடிதங்களை வாங்கி அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸ், பெட்டியில் வைத்துக் கொடுக்கும் டவ்காட், குப்பையை வடிகட்டும் ஆர்ஸ்பாம்டி ஆகிய மூன்றும் லினக்ஸ் வகைகள் எல்லாவற்றிலும் ஓடும், பிஎஸ்டி வகைகளிலும் ஓடும். நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று: இந்த இயங்குதளத்துக்கு இன்றோடு முடிந்தது என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது?

2020 டிசம்பர் 8 அன்று இந்தக் கேள்வியின் கனம் உலகத்துக்கே தெரிந்தது. ரெட் ஹேட் நிறுவனத்தின் லினக்ஸை அப்படியே இலவசமாகத் தந்த சென்ட்ஓஎஸ், அன்றைக்கு சர்வர்களில் மிகப் பரவலாக இருந்தது. அதன் 8-ஆம் பதிப்புக்கு 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும் என்று நம்பித்தான் எல்லோரும் நிறுவியிருந்தார்கள். 2021 டிசம்பர் 31-உடன் நிறுத்துகிறோம் என்று அன்று அறிவித்துவிட்டார்கள். ஏழு வருடத்துக்கும் மேலான ஆயுள் ஒரே அறிவிப்பில் போயிற்று. ரெட் ஹேட்டை ஐபிஎம் 3,400 கோடி டாலருக்கு வாங்கி முடித்தது 2019-இல். ரெட் ஹேட்டின் பொருள், ரெட் ஹேட்டின் முடிவு. அதில் எனக்குக் கோபமில்லை. அடுத்தவர் வீட்டில் நம் தபால் பெட்டியை மாட்டியது நாம்தானே.

சென்ட்ஓஎஸ் 7 தன் காலம் முழுக்க வாழ்ந்து, 2024 ஜூன் 30 அன்று முடிந்தது. அதற்குப் பல மாதம் கழித்து ஒரு எஸ்டேட் அலுவலகத்தில் அதே பதிப்பு ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். நிறுவிக் கொடுத்தவர்கள் தொலைபேசியை எடுப்பதில்லை. "மெயில் போகுது, வருது, அப்புறம் என்ன சார்?" என்றார் மேலாளர். செத்துப்போன இயங்குதளம் மறுநாளும் நன்றாகவே வேலை செய்யும், ஆபத்தே அதுதான். புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் ஊருக்கெல்லாம் தெரியும், அடைக்க மட்டும் ஆளிருக்காது. உள்ளே நுழைகிறவன் எஸ்டேட்டின் ரகசியம் தேடி வருவதில்லை. அந்த முகவரியிலிருந்து லட்சக்கணக்கில் குப்பைக் கடிதம் அனுப்புவான். அதன்பிறகு அந்த ஐபி எண் கறுப்புப் பட்டியலில் ஏறும். நேர்மையாகப் போட்ட காப்பி பில்லும் ஜிமெயிலின் ஸ்பாம் பெட்டியில் போய் விழும்.

காசு கொடுத்து வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை என்பவர்களுக்கு மைக்ரோசாஃப்டின் மெயில் சர்வரான எக்ஸ்சேஞ்சை நினைவூட்டுகிறேன். 2021 மார்ச்சில் அதிலிருந்த நான்கு ஓட்டைகள் வழியாக உலகெங்கும் பல்லாயிரம் சர்வர்களுக்குள் ஊடுருவல்காரர்கள் புகுந்தார்கள். எக்ஸ்சேஞ்ச் 2016, 2019 இரண்டு பதிப்புகளுக்கும் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று ஒரே நாளில் முடிந்தது. இதே மைக்ரோசாஃப்ட் 1997-இல் சபீர் பாட்டியாவின் ஹாட்மெயிலை வாங்கியபோது, அது ஃப்ரீபிஎஸ்டியிலும் சோலாரிஸிலும் ஓடிக்கொண்டிருந்தது. அதை விண்டோஸுக்கு மாற்றத் தொடங்கவே அவர்களுக்குச் சில வருடம் ஆயிற்று.

நான் போடுவது டெபியன். 1993-இல் இயன் மர்டாக் தொடங்கியது. அதை யாரும் விலைக்கு வாங்க முடியாது, ஏனென்றால் விற்க முதலாளி இல்லை. உலகெங்கும் இருக்கும் தன்னார்வலர்கள் ஆண்டுதோறும் வாக்களித்துத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2023-இல் அவர்களுடைய ஆண்டு மாநாடு பக்கத்தில், கொச்சியில்தான் நடந்தது. சுமார் இரண்டு ஆண்டுக்கு ஒரு பதிப்பு. ஒவ்வொன்றுக்கும் மூன்று ஆண்டு முழு ஆதரவு, பிறகு இரண்டு ஆண்டு நீண்டகால ஆதரவு. காப்பித் தோட்டத்தில் நிழல் மரம் நடுகிறவர் அடுத்த வருடத்தை நினைத்து நடுவதில்லை. மின்னஞ்சலுக்கும் அந்தக் கணக்குத்தான் சரி.

பாதுகாப்பு என்றால் ஓபன்பிஎஸ்டிதான் என்று நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள். அதன் ஒழுங்கின்மேல் எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு, ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ ஓராண்டுதான் ஆயுள். நான் காய்ச்சலில் படுத்தால் சேலத்திலிருந்து வேறொருவர் இதைக் கையில் எடுக்க வேண்டும். டெபியனோ உபுண்டுவோ தெரிந்த பையன்கள் அங்கே கிடைப்பார்கள். ஓபன்பிஎஸ்டி தெரிந்தவரைத் தேடி நான் எங்கே போவேன்?

நம் ஊர் இயங்குதளம் போடக்கூடாதா என்றும் கேட்பார்கள். மத்திய அரசின் சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் டெபியனை அடிப்படையாகக் கொண்டதுதான். பள்ளி மேசைக்கு அது சரி. மெயில் சர்வரில், திருத்தம் மூலத்தில் வந்து அங்கிருந்து கிளைக்கு இறங்கும் வரை காத்திருக்க எனக்கு மனமில்லை. அரசு அலுவலகங்கள் லினக்ஸுக்கு மாற முடியுமா என்றால், சி. உமாசங்கர் தமிழக அரசு நிறுவனமான எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்தபோது அந்த அலுவலகத்தையே லினக்ஸுக்கு மாற்றிக் காட்டினார். அரசு அலுவலகத்தால் முடியும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். அதிகாரி மாறினாலும் அந்த வழக்கம் நிற்கிற அளவுக்கு ஆட்களைத் தயார் செய்தோமா என்பதுதான் என் சந்தேகம்.

டெபியனில் எல்லாம் சுகம் என்று சொன்னால் பொய். 2025 ஆகஸ்டில் வந்த 13-ஆம் பதிப்பில் டவ்காட் 2.4 இருக்கிறது. பழைய 2.3-இன் அமைப்புக் கோப்பை அது ஏற்காது. உட்கார்ந்து புதிதாக எழுத வேண்டும். இரண்டு சர்வர்களுக்கிடையே பெட்டிகளைத் தானாக நகலெடுத்துக்கொண்டிருந்த வசதியையும் எடுத்துவிட்டார்கள். அதை நம்பியிருந்தவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

இயந்திரம் கரடியூரில் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சித்திரை இடியில் மோடம் கருகும். சில்வர் ஓக் கிளை முறிந்து கம்பியில் விழுந்தால் மின்சாரம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதெல்லாம் சரியாக இருந்தாலும் வீட்டு இணைப்பின் மாறும் ஐபியிலிருந்து வரும் கடிதத்தைப் பெரிய நிறுவனங்கள் வாங்குவதில்லை. அதனால் மும்பையில் வாடகை சர்வர், இங்கே விசைப்பலகை. சேலத்திலிருந்து யாரும் 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வர வேண்டியதில்லை.

பார்த்துக்கொள்ள ஆளே இல்லாதவர்கள் இதில் இறங்க வேண்டாம். ஸோஹோ போன்ற ஒருவருக்குக் காசு கொடுத்து நிம்மதியாக இருங்கள்; மத்திய அரசு ஊழியர்களின் மின்னஞ்சலே அங்கே போயாயிற்று. முகவரி மட்டும் உங்கள் சொந்த டொமைனில் இருக்கட்டும். சொந்தப் பெயர் இருந்தால், பிடிக்காத நாளில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு இடத்துக்குப் போகலாம். இலவச ஜிமெயில் முகவரியைப் பெயர்ப்பலகையில் அச்சடித்த ஊராட்சி அலுவலகத்துக்கும் கூட்டுறவுச் சங்கத்துக்கும் அந்த வழி கிடையாது. அரசுக் கடிதங்கள் தனியார் மின்னஞ்சல் முகவரிகளில் போகக்கூடாது என்று மத்திய அரசின் கொள்கை 2015 பிப்ரவரியிலேயே சொல்லிவிட்டது.

உள்ளாட்சியோ, பள்ளியோ, எஸ்டேட்டோ, மெயில் சர்வருக்கு ஒப்பந்தம் போடுகிறவர்கள் இரண்டு வரியைக் காகிதத்தில் கேட்டு வாங்குங்கள்: இயங்குதளத்தின் ஆதரவு முடியும் தேதி, அந்தத் தேதியை மாற்றும் உரிமை உள்ளவர் பெயர். இரண்டாவது வரியில் ஒரு நிறுவனத்தின் பெயர் வந்தால் யோசித்துக் கையெழுத்துப் போடுங்கள்.

ஏற்கெனவே டெபியன் 12 வைத்திருப்பவர்களுக்கு நீண்டகால ஆதரவு 2028 ஜூன் 30 வரை இருக்கிறது. 13-க்குப் போகும்போது வரும் டவ்காட் மாற்றத்தைக் காப்பிப் பறிப்பு முடிந்தவுடன் மார்ச்சில் வைத்துக்கொள்ளுங்கள்; மலையில் இருப்பவர்கள் இடிமழைக்கு முன்னால் முடித்துவிடுவது நல்லது.