சுமைகூலி முக்கால் பணம்

மரக்காணத்து உப்பளக்காரர் அடக்க விலைக்கும் குறைத்து உப்பை விற்றாரானால், அந்த நஷ்டத்தை ஈடுகட்ட அவருக்கு வேறு வழி கிடையாது. அவரிடமுள்ள சரக்கு உப்பு ஒன்றுதான். நம் பிள்ளைகள் ஆசைப்படும் வீடியோ விளையாட்டுப் பெட்டியைச் செய்கிற கம்பெனிகளின் கணக்கே வேறு.

ஸோனி கம்பெனியார் 2006-ஆம் வருஷத்தில் 'பிளேஸ்டேஷன் 3' பெட்டியின் உயர்ந்த ரகத்துக்கு 599 டாலர் விலை வைத்தார்கள். அதே மாதம் நிண்டெண்டோ கம்பெனியாரின் 'வீ' பெட்டி சுமார் 250 டாலருக்கு வந்து, முடிவில் பத்துக் கோடிக்கு மேல் விற்றது. ஸோனியின் பெட்டி ஒன்பது கோடியைக்கூட எட்டவில்லை. 2020 நவம்பரில் 'பிளேஸ்டேஷன் 5' வந்தபோது அமெரிக்காவில் விலை 499 டாலர்தான். அந்த விலையில் இனி நஷ்டமில்லை என்று கம்பெனியார் அறிவித்தது 2021 ஆகஸ்டில்! அதுவரை நஷ்டத்துக்கு விற்றது தர்மத்துக்காக அல்ல. பெட்டி வீட்டுக்குள் நுழைந்துவிட்டால், விளையாட்டுகளை விலை கொடுத்து வாங்கித்தானே தீரவேண்டும்? லாபம் அங்கே இருக்கிறது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

நம் தேசத்தில் அந்தப் பெட்டி 2021 பிப்ரவரி 2-ந் தேதி இரண்டு ரகமாக விற்பனைக்கு வந்தது. ஒன்று ரூ. 49,990; மற்றது ரூ. 39,990. விளையாடும் சக்தி இரண்டுக்கும் ஒன்றே. முன்னதில் விளையாட்டுத் தட்டைச் செருகும் வாய் உண்டு, பின்னதில் இல்லை.

பத்தாயிரம் ரூபாய் மிச்சம் என்று சந்தோஷப்படும் தகப்பனார் சற்று நிதானிக்க வேண்டும். தட்டாக வாங்கிய விளையாட்டை அடுத்த வீட்டுப் பையனுக்கு இரவல் கொடுக்கலாம். அலுத்துப்போனால் வந்த விலைக்கு விற்கலாம். பிறர் விற்பதை மலிவாக வாங்கவும் செய்யலாம். வாயில்லாப் பெட்டிக்கோ கம்பெனியின் இணையக் கடையே கதி. அங்கே வாங்கியதை மறுபடி விற்க முடியாது. தட்டு விற்கும் கடைக்காரருக்குப் போகவேண்டிய கமிஷனும் கம்பெனிக்கே மிஞ்சும்.

அப்போது புது விளையாட்டு ஒன்று ரூ. 4,999 வரை விற்றது. இரண்டு தட்டு இரவல் கிடைத்தாலே ரூ. 9,998 மிச்சம், வித்தியாசம் ஏறக்குறைய தீர்ந்தது! வானூர் போன்ற ஊரில் ஒரே தட்டு தெரு முழுவதும் சுற்றி வரக்கூடும்.

ஆகவே, கடைக்குப் புறப்படுமுன் பெற்றோர் பிள்ளைகளை உட்காரவைத்து ஒரு கணக்குப் போடட்டும்: வருஷத்துக்கு எத்தனை விளையாட்டு வேண்டும், அவற்றில் எத்தனை இரவலாகவோ பழையதாகவோ கிடைக்கும்? பெட்டியின் விலையை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.