கண்ணுக்குத் தெரியாத கோடு

குமரி மாவட்டத்தில் களியக்காவிளை என்று ஓர் ஊர். அங்கே தமிழ்நாடு முடிகிறது, கேரளம் தொடங்குகிறது.

பெரிய சாலையில் சோதனைச் சாவடி உண்டு. ஊருக்குள் ஓடும் சின்னச் சாலைகளில் கோடு எங்கே என்பதே தெரியாது. நாலு எட்டு வைத்தால் வேறு மாநிலம்!

இரு பக்கமும் முன்பு திருவிதாங்கூர் சீமைதான். 1956 நவம்பர் 1-ந் தேதி விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. பக்கத்து ஊரான பாறசாலை கேரளத்தில் நின்றது.

சீமை பிரிந்தது, உறவு பிரியவில்லை. பெண் கொடுப்பதும் எடுப்பதும் இன்றும் உண்டு. தமிழும் மலையாளமும் கலந்தே கேட்கும். பெரிய வைத்தியம் என்றால் திருவனந்தபுரம் போவோர் பலர்.

2020-ல் கொரோனா வந்தது. எல்லைச் சாலைகள் அடைக்கப்பட்டன. அன்றுதான் பலருக்கும் அந்தக் கோடு கண்ணில் பட்டது.

தொற்றைத் தடுக்க வேண்டியதுதான். ஆனால், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியை எந்த நாளும் அடைக்கக் கூடாது. அதற்கான ஏற்பாட்டை இரு சர்க்காரும் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும்.

பிரசவ வலிக்கு மாநில எல்லை தெரியாது!